எவ்விதத் தொடர்பும்

அவன் பெயர் மறுபடியும் ஓடியது.

கட்சித் தொலைக்காட்சி. திரையின் அடியில், மழைச் செய்திக்குப் பின்னால், வெங்காய விலைக்கு முன்னால்.

டிவியில் பெயர் வர வேண்டும் என்பது அவனுக்கு நெடுநாள் ஆசைதான். வந்துவிட்டது. இன்ஷியல்கூடச் சரியாக இருந்தது. இத்தனை வருடப் போஸ்டர்களில் ஒருமுறையும் அது சரியாக வந்ததில்லை.

'கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால், அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.'

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான்.

கட்சியினரில் ஒருவர் அங்கே குக்கர் கழுவிக்கொண்டிருந்தார்.

நகர மகளிரணி அமைப்பாளர். அவனுடைய மனைவி. வீட்டிலும் சரி, கட்சியிலும் சரி, பெரிய பொறுப்பு அவளுடையது. அவன் வெறும் கவுன்சிலர்.

கல்யாணமே மாநாட்டுப் பந்தலில்தான். மாவட்டச் செயலாளர் பேசி முடித்து மாலையை எடுத்துக் கொடுப்பதற்குள் மாப்பிள்ளைக்குப் பசி மயக்கம் வந்துவிட்டது. அவள்தான் யாருக்கும் தெரியாமல் ஒரு மிட்டாயை அவன் கைக்குள் அழுத்தினாள். "எல்லாரும் கோஷம் போடுறப்ப வாயில போட்டுக்கங்க."

கட்சி கட்டிவைத்த கல்யாணம்.

கட்டிவைத்தவர்களுக்கு அவிழ்க்கவும் உரிமை உண்டோ என்னவோ.

நேற்று நகராட்சிக் கூட்டம் முடிந்து வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

தீர்மானம் எளிமையானதுதான். பாதாளச் சாக்கடையில் மூச்சுத் திணறி இறந்த ஒப்பந்தத் தொழிலாளி காத்தமுத்து, யாரும் சொல்லாமல் தானாகவே உள்ளே இறங்கினார். அவ்வளவுதான். ஒப்பந்தக்காரர் நகரச் செயலாளரின் மைத்துனர் என்பதெல்லாம் தீர்மானத்தில் இல்லை.

ஆதரித்தவர்கள் கை தூக்கினார்கள்.

"எதிர்ப்பவர்கள்?" என்றார் தலைவர். சம்பிரதாயம். கேட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டிவிடுவார்.

அவன் கை மேலே போனது.

"என்னண்ணே, பாத்ரூமா?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மன்றம் சிரித்தது. அவனும் கொஞ்சம் சிரித்துவைத்தான். பழக்கதோஷம்.

கையை மட்டும் இறக்கவில்லை.

அவனுடைய வார்டு அது. குழிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். மேஸ்திரி "எறங்குடா" என்றதை அவன் காதால் கேட்டான். காத்தமுத்து சட்டையைக் கழற்றி, மடித்து, வைக்க இடம் தேடி, கடைசியில் அவன் கையிலேயே கொடுத்தான்.

"அழுக்காகாம வச்சிருங்க கவுன்சிலரே. புதுசு. இந்தா வந்துர்றேன்."

இழவு வீட்டுக்குக் கட்சிக்காரர் யாரும் போகக் கூடாது என்று நகரச் செயலாளர் சொல்லிவிட்டார். அவள் போகவில்லை. கட்சி சொன்னால் அவளுக்கு அது சொன்னதுதான். சட்டையை மட்டும் அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்டு, பீரோ மேல் வைத்தாள்.

அதற்கு எந்த உத்தரவும் வந்திருக்கவில்லை.

இன்று சாயங்காலம் கட்சி அலுவலகத்தில் கூட்டம். அவனை வாட்ஸாப் குழுவிலிருந்து தூக்குவதற்கு முன்னால் வந்த கடைசிச் செய்தி அது. நீக்கத்தை வரவேற்று, தலைமைக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம். முன்மொழிபவர், மகளிரணி அமைப்பாளர்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பீரோ திறக்கும் சத்தம். அது நிறையக் கட்சிக்கரை போட்ட சேலைகள். எந்தச் சேலை எந்த மாநாட்டுக்கு எடுத்தது என்று அவனுக்கு மனப்பாடம்.

அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். எழுத்துகள் ஓடுவதற்குச் சத்தம் தேவையில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

கதவு திறந்தது. அவள் வந்து அவன் எதிரே நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"கொசுவத்தக் கொஞ்சம் இழுத்து விடுங்க. மேடையேறணும்."

கூட்டத்துக்குப் புறப்படும்போதெல்லாம் குனிந்து அவள் கொசுவத்தை நீவிவிடுவது அவன் வேலை. எந்த அறிக்கையிலும் வராத பொறுப்பு. அதிலிருந்து நீக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மூட்டு வலியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கரையைத் தேடினான்.

கரை இல்லை.

சாம்பல் நிறச் சேலை. இழவு வீடுகளுக்கென்று ஆணியில் தனியாகத் தொங்குவது.

யார் செத்ததற்கு என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. கட்சிக்கா, எனக்கா, நம் இரண்டு பேருக்குமா. மடிப்பு மடிப்பாக இழுத்து விட்டான். ஒரு மடிப்பு கோணியது. அவள் அவசரப்படுத்தவில்லை. அது சரியாகும்வரை நின்றாள். ஆட்டோ இன்னொரு முறை ஹாரன் அடித்தது.

தோள்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் புடைத்திருந்தது.

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான்.

உள்ளே போய்ப் பார்த்தான். பீரோ மேல் சட்டை இல்லை.

பிறகு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தான். மழை வந்தது. அவன் பெயர் வந்தது. வெங்காயம் வந்தது.

பெயருக்கும் வெங்காயத்துக்கும் நடுவே இன்னும் இடம் இருந்தது.

அவளுடைய இன்ஷியலையும் சரியாகப் போட்டுவிட வேண்டுமே என்று அவனுக்குக் கவலையாக இருந்தது.