காலை ஒன்பதரை

“பத்து மணிக்கு என் சீட்டைக் கிழிச்சுட்டாங்க மாப்ளே. ஆனா நான் ஒன்பதரைக்கே ராஜினாமா பண்ணியிருக்கணும். பண்ணிக் கொடு.”

அதே ஆபீஸின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கும் மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். அத்தான் அந்த ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டட வரைபடம் போடுகிறவர். ரோஷக்காரர். வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று நாலு பேர் சொல்லக் கூடாது, தானாகத்தான் விட்டேன் என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு.

கடிதத்தை அடித்து முடித்ததே பத்தே காலுக்கு. அதில் எந்த நேரத்தைப் போட்டாலும் பணியாளர் பிரிவு மேடம் நம்ப மாட்டார். ஃபைல் எப்போது சேமிக்கப்பட்டது என்று கம்ப்யூட்டர் காட்டுவதைத்தான் நம்புவார். ஆகவே அதை மாற்ற வேண்டும்.

மச்சினன் ‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் பத்து வரி எழுதி ஓட்டினான். ஃபைலின் தேதி அடுத்த மாதத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மொழியில் மாதங்களைச் சைபரிலிருந்து எண்ண வேண்டுமாம், மச்சினன் ஐயா மறந்துவிட்டாராம். பன்னிரண்டு மாசத்தை எண்ணத் தெரியாத மொழிக்கு இவ்வளவு சம்பளமா என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். திருத்தி ஓட்டியதும் கச்சிதமாக விழுந்தது: காலை ஒன்பதரை.

அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் மேடம் கூப்பிட்டார். அத்தான் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு மிடுக்காகப் போனார்.

மேடத்துக்கு வருத்தமான வருத்தம். பத்து மணி வேலைநீக்க மெயில் கைதவறி வரைபடப் பிரிவில் பதினாலு பேருக்கும் போய்விட்டதாம். மற்றவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு ரத்து செய்தாயிற்று.

“நீங்க மட்டும்தான் அதுக்கு முன்னாடியே, உங்க இஷ்டத்துல எழுதியிருக்கீங்க. ஏத்துக்கத்தான் வேணும்.”

அத்தானின் ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“சத்தியமா பத்தே காலுக்குத்தான் எழுதினேன் மேடம். மச்சினன்கிட்டச் சொல்லி நேரத்தை மாத்தினேன்.”

“அப்படியா? அப்ப ராஜினாமா செல்லாது” என்று மேடம் மேஜையிலிருந்த அதன் பிரிண்ட்டைக் கிழித்துப் போட்டார். அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆபீஸ் ஃபைல்ல நேரத்தைத் திருத்தினா வேலை போயிடும், தெரியுமில்ல?” என்றார் மேடம். “உங்களுக்கு அந்தப் பத்து மணி மெயிலே போதும், ரத்து பண்ணாம விட்டுடறேன். உங்க மச்சினனுக்குத்தான் புதுசா ஒண்ணு அடிக்கணும்.”