இருப்பதிலேயே மெதுவானது

"இருக்கறதுலயே எது ரொம்ப மெதுவா வேலை செய்யுமோ, அதைக் காட்டும்மா."

கடைப் பெண் ஷஹனாஸ் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் கடை அது. ஹார்ட் டிஸ்க் வாங்க வருகிறவர்கள் வேகத்தைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் விலையைக் கேட்பார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த கமலவல்லி இரண்டையும் கேட்கவில்லை.

"வீட்டு உபயோகத்துக்குத்தானேம்மா?"

"ஆமா. கம்ப்யூட்டர்ல இருக்கற போட்டோ, வீடியோ எல்லாத்தையும் ஏத்தணும். பையன் இன்னிக்கு வந்து ஏத்தி எடுத்துண்டு போறான்."

"அப்ப இதைப் பாருங்க." உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டியை ஷஹனாஸ் எடுத்து வைத்தாள். "எஸ்எஸ்டி. கை தவறி விழுந்தாக்கூட பயமில்ல. உங்க போட்டோ மொத்தமும் அரை மணி நேரத்துல ஏறிடும்."

"அரை மணியா? ஐயையோ, அதைத் தொடவே தொடாதே! உள்ளே வை."

வேகமே வேண்டாம் என்பவளிடம் வேறு எதைச் சொல்லி விற்பது? ஷஹனாஸ் பெருமூச்சு விட்டுவிட்டு அடித்தட்டில் குனிந்து, கனமான கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தாள்.

"இது உள்ள தட்டு சுத்தற பழைய ரகம்மா. சின்னச் சின்ன போட்டோ நிறைய இருந்தா மூணு மணி நேரம்கூட இழுக்கும். யாரும் சீந்தறதில்ல. ரெண்டு பீஸ் கிடந்துச்சு, இப்ப இது ஒண்ணுதான்."

"பதினொரு மணிக்கு ஆரம்பிச்சா?"

"ரெண்டு ஆயிடும்."

"நடுவுல பிடுங்கிண்டு கிளம்ப முடியாதே?"

"கூடவே கூடாதும்மா. பாதியில பிடுங்கினா எல்லாம் கெட்டுடும்."

கமலவல்லியின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு. இதுக்கே பில் போடு."

ஷஹனாஸுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா. ஏன் மெதுவாவே கேக்கறீங்க?"

கமலவல்லி பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாள், இரண்டு வருஷமாக மனசிலேயே வைத்துப் புழுங்கியது.

"பையன் மதுசூதன் பேங்க் வேலையை விட்டுட்டு மெட்ராஸ்ல கேக் கடை வெச்சான்மா. எங்காத்துக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், முட்டை போட்டாடான்னு. அவனும் ஆமாம்ப்பான்னுட்டான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அன்னியோட பேச்சு நின்னுது."

"அல்லாவே! ரெண்டு வருஷமாவா?"

"இன்னிக்கு மண்ணச்சநல்லூர்ல சிநேகிதன் கல்யாணத்துக்கு வந்திருக்கான். 'ஹார்ட் டிஸ்க் மட்டும் வாங்கி வெச்சிடும்மா, பதினொரு மணிக்கு வரேன், ஏத்திண்டு உடனே கிளம்பிடறேன்'னான். இவர் அதைக் கேட்டதும், அவன் படியிறங்கினப்பறம்தான் ஆத்துக்குள்ள கால் வைப்பேன்னு குடையைத் தூக்கிண்டு கிளம்பிட்டார். வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை, குடை எதுக்குங்கறேன்! பிடிச்ச முயலுக்கு மூணு கால் அவருக்கு."

இந்தத் தடவையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போய்விட்டால், அடுத்த தடவை என்று ஒன்று வருமா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஆனா பசி மட்டும் பொறுக்க மாட்டார். ஒரு மணி அடிச்சா எங்கே இருந்தாலும் சாப்பாட்டுக்கு வந்து நிப்பார். அந்த நேரத்துக்கு இவனும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கணும். ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல இலையைப் போட்டுட்டேன்னா, மீதியைப் பெருமாள் பார்த்துப்பார். அதுக்குத்தான் மெதுவா வேணும்."

ஷஹனாஸ் கறுப்புப் பெட்டியை மெல்ல எடுத்து, திரும்ப அடித்தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"இதை நீங்க வாங்க வேணாம்மா."

"ஏன்? ஏதாவது பழுதா?" கமலவல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொரு மணிக்குள்ள நான் வேற எங்கே போய்த் தேடுவேன்?"

"பழுதெல்லாம் இல்ல. ஒரு நிமிஷம் இருங்க."

உள்ளே போனவள் ஒரு குடையோடு வந்தாள். "இன்னிக்கு கடை திறந்ததும் முதல் போணி பண்ணின பெரியவர் விட்டுட்டுப் போயிட்டார்மா. ஸ்ரீரங்கம்னார். வீட்டுல போய்க் குடுத்துடறீங்களா?"

கோயிலில் செருப்போடு குடையும் மாறிப்போகிறது என்று, கமலவல்லி தன் கையாலேயே கைப்பிடியில் சுற்றிக் கட்டிய சிவப்பு நூல் அதில் இருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"அவர்... என்ன வாங்கினார்?"

"நான் சொன்னேனே, ரெண்டு பீஸ் இருந்துச்சுன்னு. அதுல ஒண்ணு." ஷஹனாஸ் சிரித்தாள். "நீங்களாவது மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இழுத்தா போதும்னீங்க. அவர், 'பையன் ராத்திரி தங்கித்தான் ஆகணும், அதுக்குத் தோதா இதைவிட மெதுவா ஒண்ணு இல்லையாம்மா'ன்னு கேட்டார்."