பதினோரு கடை

காப்புரிமை அலுவலகத்தில் அதிகாரியம்மா, நாற்பது வருடத்துக்கு முன்பே பதிவான ஒரு கருவியின் படத்தை மாமா வரைந்த படத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.

மாமா என் அக்கா வீட்டுக்காரர். கடை ஷட்டர்களை விற்பவர், பழுதும் பார்ப்பவர். அவர் யோசித்த கருவிக்குக் காப்புரிமை கேட்டு மனு எழுதிக் கொடுத்தவன் நான்.

அந்த அம்மா ‘புதுசு’ என்று எழுதினால் ஷட்டர் கம்பெனி மாமாவோடு ஒப்பந்தம் போடும். ‘பழசு’ என்று எழுதினால், அதே கம்பெனி அதே பொருளை மாமாவை ஒரு வார்த்தை கேட்காமல் செய்துகொள்ளும்.

“ரெண்டும் ஒண்ணுதானே? ஷட்டர் அறுந்து விழுந்தா நடுவுல பிடிச்சு நிறுத்துது.”

மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“அதுல ஸ்பிரிங் இருக்கு மேடம். ஷட்டர் விழறதே ஸ்பிரிங் அறுந்துதான். அறுந்தவனைப் பிடிக்க, நாளைக்கு அறுந்துபோறவனையா அனுப்புறது? என்னோடதுல வெறும் இரும்புக் குண்டு. ஷட்டர் வேகமா இறங்கினா தானா உருண்டு போய் இடுக்குல மாட்டிக்கும். அவ்வளவுதான்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. அளவுகோலை எடுத்தார். பழைய படத்தில் ஸ்பிரிங்கைத் தேடினார், இருந்தது. மாமாவின் படத்தில் தேடினார். இன்னொரு முறை தேடினார்.

சரக்கு மனசுக்குப் பிடித்துவிட்டால் வாங்க வந்தவர் விலையைக் குறைக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். கல்லாப்பெட்டி பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த அம்மாவின் முகம் நன்றாகவே தொங்கியது.

பழைய படத்தைக் கோப்புக்குள் வைத்து நாடாவைக் கட்டினார்.

நான் மூச்சு விட்டேன்.

“சரி, இது வேறதான். ஆனா ஒரு குண்டை நம்பி எப்படிங்க? மாட்டாமப் போச்சுன்னா?”

ஆயுசு முழுக்க விற்றே பழகிய மனிதரிடம் கேட்கக் கூடாத கேள்வி.

“என்ன மேடம், இப்படிக் கேட்டுட்டீங்க! மூணு வருஷமா மூணு கடையில ஓடுது. ஒரு புகார் வந்ததில்ல!”

மனு போட்டது போன வருடம். மனுவுக்கு முன்னால் ஊர் பார்த்துவிட்ட எதுவும் சட்டத்துக்குப் பழசு. கண்டுபிடித்தவரே காட்டியிருந்தாலும் பழசுதான்.

மேஜைக்கடியில் மாமாவின் காலை ஓங்கி மிதித்தேன்.

மிதித்த பிறகுதான் உறைத்தது. எங்கள் குடும்பத்தில் பேரம் நடக்கும்போது காலை மிதித்தால், ‘இன்னும் ஏத்திச் சொல்லு’ என்று அர்த்தம்.

மாமா என்னை நன்றியோடு பார்த்தார்.

“மூணுன்னா சொன்னேன்? பதினோரு கடை மேடம்! வேணும்னா போய்க் கேட்டுப் பாருங்க!”

பேனாவின் மூடி கழன்றது.

“முதல் கடையில எப்ப மாட்டினீங்க?”

மாமா தேதி சொன்னார். நம்பிக்கை வரட்டும் என்று கிழமையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த அம்மா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

பதினோரு கடை கிடக்கட்டும். அந்தக் கருவி காகிதத்தைத் தாண்டி ஒன்றுகூட இன்னும் செய்யப்படவில்லை. உள்ளே போட வேண்டிய குண்டைக்கூட நாங்கள் வாங்கியிருக்கவில்லை.