உடைத்துச் சொல்

“க்ளோ... க்ளோமரு... அதுக்கப்புறம் எப்படிங்க சொல்லணும்?”

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய டாக்சியில் தர்ஷனா கைப்பேசியைக் கணவனிடம் நீட்டினாள். துபாயில் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டு அப்போதுதான் வந்திறங்கியிருந்தான் வசீகரன். திரையில் இருந்த சொல்லைப் பார்த்ததும் அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது.

“அம்மாடி, எவ்ளோ நீளம்! யாருக்கு இது?”

“நம்ம ஆரபிக்குத்தான்.”

“ஸ்பெல்லிங் போட்டியா? ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இதையா கொடுப்பாங்க? கொஞ்சம்கூட இரக்கமே இல்ல லா!”

“நானும் அதைத்தான் கேட்டேன்” என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பி.

“அர்த்தம் என்னவாம்?”

“அப்புறம் சொல்றேன். முதல்ல சொல்லிக்கொடுங்க.”

வசீகரனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “எவ்ளோ பெரிய வார்த்தையும் உடைச்சா சின்னதுதான். க்ளோ - மெ - ரு - லோ - நெ - ஃப்ரை - டிஸ். ‘ஃப்ரை’யில அழுத்தணும். எங்கே, சொல்லு.”

“க்ளோ - மெ - ரு - லோ...” அதற்குமேல் வரவில்லை. கண்கள் நிறைந்துவிட்டன.

“ஏய், இதுக்குப் போய் அழுவாங்களா? தோத்தாத்தான் என்ன இப்போ?”

“அப்படிச் சொல்லாதீங்க!”

அவள் போட்ட சத்தத்தில் ஓட்டுநரே திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் வசீகரனிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

தர்ஷனா கண்களைத் துடைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே வீச்சில் சொன்னாள்: “க்ளோமெருலோநெஃப்ரைடிஸ்.”

“பிரமாதம்! வீட்டுக்குப் போனதும் ஆரபிகிட்ட இப்படியே சொல்லு, கப்புன்னு பிடிச்சுக்குவா.”

டாக்சி அவர்கள் வீடிருக்கும் ஜாலான் புசாரைக் கடந்தது. வசீகரன் பதறினான். “அங்கிள்! வீடு போயிடுச்சு!”

“நான்தான் நேரா போகச் சொன்னேன்” என்று தர்ஷனா அவன் கையைப் பற்றினாள். “அது கிட்னி நோய்ங்க. ஆரபிகிட்ட டாக்டரே சொல்லிட்டாருங்க. போன்ல எத்தனையோ தடவை முயற்சி பண்ணேன், உங்ககிட்ட சொல்லத்தான் எனக்கு வாய் வரல.”

டாக்சி குழந்தைகள் மருத்துவமனை வாசலில் நின்றது.