திக்கல் நின்ற மத்தியானம்

மத்தியான வெயில் திரைச்சீலை ஓரமாகக் கோடு போட்டு விழுகிறது. அம்மா இறந்த பிறகு வீட்டு வீடியோக்களுக்காக நான் அமைத்த லினக்ஸ் சர்வர் கம்ப்யூட்டர் டிவி அலமாரிக்குள் இருக்கிறது. இரண்டு வருஷமாக இரைந்துகொண்டிருந்த அதன் விசிறி இப்போதுதான் அடங்கியிருக்கிறது. படத்தை ஓட்டவென்றே இருக்கும் கிராபிக்ஸ் சிப்பைத் தொட வீடியோ மென்பொருளுக்கு நான் அனுமதியே கொடுத்திருக்கவில்லை; எல்லா வேலையும் பிராசஸர் தலையில் விழுந்து, வீடியோ திக்கித் திக்கி, நின்று நின்று ஓடியிருக்கிறது. ஒற்றை வரிக் கட்டளை. அதைத் தட்ட எனக்கு இத்தனை நாள். "இப்ப பாருங்கப்பா, வழுக்கிக்கிட்டு ஓடும்" என்கிறேன். அப்பா மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொள்கிறார். திரையில் அம்மா துணி வாளியோடு கதவருகே வந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்து, வெளியே போய்விடுகிறாள். வெறும் கதவு ஆடுகிறது. அப்பா ரிமோட்டில் பின்னால் தள்ளிப் பார்க்கிறார். மறுபடியும் போய்விடுகிறாள். "திரும்பிப் பாக்குறப்போ கொஞ்சம் நிப்பாளேடா?" "அது கோளாறுப்பா. வேணும்னா இந்தப் பட்டனை அமுக்கி நீங்களே நிறுத்திக்கலாம்." அவர் கட்டைவிரல் பட்டன்மேல் கிடக்கிறது, அழுத்தவில்லை. "நாம நிறுத்துறது வேறடா" என்கிறார். "அப்பல்லாம் அவளாவே நிப்பா."