நடுங்காத கைகள்

குடியை விட வருகிறவர்கள் டாக்டரின் மேஜையில் நிற்கும் போனுக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அதிலுள்ள ஆப் விரல் நடுக்கத்தை அளந்து, எவ்வளவு மாத்திரை என்று சொல்லும். மாத்திரையை நர்ஸ் எதிரிலேயே விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். அது டாக்டர் போட்ட சட்டம்.

அன்று தையல்காரர் கைகளை நீட்டினார். அவை ஆடாமல் அசையாமல் நின்றன. போனில், 'கடும் நடுக்கம். கடைசியாகக் குடித்தது இன்று காலை' என்று வந்தது.

அவர் மனைவி தலை குனிந்துகொண்டாள்.

"சத்தியமா தொடல டாக்டர். வேணும்னா ஊசியில நூல் கோத்துக் காட்டட்டுமா?"

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க," என்றார் டாக்டர், மாஸ்க்குக்குள்ளிருந்து. அவர் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன. "நீங்க நீட்டுங்கம்மா, பாப்போம்."

மனைவி நீட்டினாள். அவளுக்கும் அதேதான் வந்தது.

போனில் ஏதோ கோளாறு என்று சொல்ல டாக்டர் வாயெடுத்தார். அதற்குள் மருந்துச் சீட்டு தானாகவே கவுண்டருக்குப் போய்விட்டது.

நர்ஸ் மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள். தையல்காரர் கை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய் டாக்டர் முன்னால் நின்றாள்.

"என்ன சிஸ்டர்?"

"உங்க பேர்லதான் சார் வந்திருக்கு." எல்லோரிடமும் பேசும் அதே குரல். "மாஸ்க்கக் கழட்டுங்க. முழுங்கிட்டு வாயத் திறந்து காட்டுங்க."

டாக்டர் விழுங்கினார். வாயைத் திறந்தார்.

தையல்காரரின் மனைவி, வீட்டுப் பழக்கத்தில், எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.