அப்பாவின் கல்யாணப் பத்திரம்

“அறுபத்தஞ்சு வயசுல எங்கப்பாவுக்கு ரெண்டாவது கல்யாணம், சார். நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா, அந்தப் பொம்பளை வீட்டுல பங்கு கேட்பாளா?”

“மனைவிக்குச் சட்டப்படி பங்கு உண்டு” என்றார் வக்கீல்.

“ஒருத்தர் சொத்துல இன்னொருத்தருக்கு உரிமை இல்லைன்னு பத்திரம் போடுங்க. எவன் வந்தாலும் உடைக்க முடியாதபடி எழுதுங்க.”

எழுதினார். மணமக்கள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் வருடம் மகன் கண்ணைத் துடைத்தபடி வந்தான்.

“அம்மா போயிட்டாங்க, சார்.”

“அவங்க போய்ப் பத்து வருஷமாச்சே?”

“சித்தியைச் சொல்றேன். அவங்க பேர்ல நாலு கடை, ரெண்டு வீடு இருந்திருக்கு. பிள்ளைகுட்டியும் இல்ல. புருஷனுக்குப் பங்கு உண்டுல்ல? அந்தப் பத்திரத்தை உடைச்சிடுங்க.”

வக்கீல் பத்திரத்தை நிதானமாகப் படித்து மூடினார்.

“எவன் வந்தாலும்னு சொன்னீங்க, தம்பி. இப்ப நீங்கதான் வந்திருக்கீங்க.”